கடிவாளமா, கிரீடமா?

சென்ற மாதம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தார்கள். இரண்டு மூன்று வீடுகளில் சில்லறைத் திருட்டு நடந்திருக்கிறதாம். ஆகவே புதிதாக அமர்த்தியிருக்கும் காவல் நிறுவனத்துக்கு, வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், கார் துடைப்பவர்கள், பால் பாக்கெட் போடுபவர்கள் ஆகியோரின் பைகளைச் சோதனையிட 'ஃப்ரீ ரெயின்' கொடுக்கப்பட்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கீழே செயலாளரின் கையொப்பம்.

அந்த 'ரெயின்' என்ற சொல்லின் நடுவே ஒரு 'ஜி' உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நான் அங்கேயே ஐந்து நிமிடம் நின்றேன். மின்தூக்கிக்குக் காத்திருந்த ஒரு இளைஞர், "ஏதாவது பிரச்சினையா அங்கிள்?" என்று கேட்டார். "ஒரு எழுத்து அதிகமாக இருக்கிறது" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். வயதானவர்களுக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்திருப்பார். அவர் நினைத்ததில் பாதி உண்மைதான்.

அன்பர்களே, என் ஆங்கிலம் டிப்ளமா ஆங்கிலம். வேலூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்துவிட்டு இரயில்வேயில் இருப்புப்பாதை ஆய்வாளராகச் சேர்ந்தவன். அப்போது எங்களைப் பி.டபிள்யூ.ஐ. என்பார்கள். பிற்பாடு பதவியின் பெயரை மட்டும் மாற்றினார்கள். வெயிலும் ஜல்லியும் அதேதான். ஆகையால் நான் யாருக்கும் ஆங்கில இலக்கணம் கற்பிக்க வரவில்லை. ஆனால் இந்த ஒரு சொற்றொடரைப் பற்றி மட்டும் பேச எனக்குத் தகுதி இருக்கிறது. அதற்கு நான் ஆறு மாத இன்கிரிமென்ட் விலை கொடுத்திருக்கிறேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் விஷயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஒரே உச்சரிப்பில் இரண்டு சொற்கள் உண்டு. 'ஜி' இல்லாத ரெயின், குதிரையின் கடிவாள வார். 'ஜி' உள்ள ரெயின், அரசாட்சி. இரண்டும் இலத்தீனிலிருந்து வந்தவைதாம், ஆனால் வேர் வேறு வேறு. முன்னதன் வேருக்குப் பின்னிழுத்துப் பிடித்தல் என்று பொருள். நாங்கள் மண் சரியாமல் இருக்கக் கட்டுகிறோமே, ரீடெய்னிங் வால், அந்தச் சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். பின்னது அரசு, முடி, சிம்மாசனம் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. ஒருவருக்கு 'ஃப்ரீ ரெயின்' கொடுப்பது என்றால் குதிரையின் வாரைத் தளர்த்திக் கொடுப்பது. 'ஜி' சேர்த்து எழுதினால் அவரை அரியணையில் ஏற்றிவிட்டோம் என்றாகிறது. இன்றைக்கு உலகம் முழுவதும் இந்தப் பிழை மலிந்து கிடக்கிறது. குதிரை போய்விட்டது, வாரைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைந்துவிட்டார்கள். அப்புறம் பிழை வராமல் என்ன செய்யும்?

நான் பார்த்திருக்கிறேன். என் பிள்ளைப் பிராயம் வாணியம்பாடியில். 1960களில் இரயிலடியிலிருந்து ஊருக்குள் போக ஜட்காதான். மழைக்காலத்தில் பாதை முழுவதும் சேறும் பள்ளமுமாக இருக்கும். ஜட்காக்கார பாய் அந்த இடம் வந்ததும் வாரைத் தளர விட்டுவிடுவார். குதிரை தலையைத் தாழ்த்தி, மோந்து பார்த்து, தானே கெட்டித் தரையைத் தேடிக் காலை வைத்துப் போகும். எனக்கு ஒரே பயம். "பாய், இழுத்துப் பிடிங்க பாய்" என்று கத்துவேன். "தம்பி, பள்ளம் எங்கேன்னு அதுக்குத்தான் தெரியும். நான் இழுத்தா ரெண்டு பேரும் விழுவோம்" என்பார். ஆனால் ஒன்றை நான் கவனித்திருக்கிறேன். வாரின் நுனியை அவர் இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பார். சேறு தாண்டியதும் மணிக்கட்டை ஒரு அசை அசைப்பார். குதிரை தலை நிமிரும்.

'ஃப்ரீ ரெயின்' என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த அகராதியிலும் எனக்குக் கிடைக்கவில்லை. வார் தளர்கிறது, கையை விட்டுப் போவதில்லை.

நம் தமிழில் இதற்கு அழகான சொல் இருக்கிறது. விட்டுப் பிடிப்பது. மாட்டுக் கயிறானாலும் காற்றாடி நூலானாலும் விடுவதும் பிடிப்பதும் ஒரே கைதான் செய்கிறது. என் தகப்பனார் என்னைப் பாலிடெக்னிக் விடுதியில் சேர்த்தபோது, அம்மாவிடம் "விட்டுப் பிடிக்கலாம் விடு" என்று சொன்னது நினைவிருக்கிறது. இதற்கு நேர் எதிராக இன்னொன்று உண்டு. தண்ணீர் தெளித்து விட்டாயிற்று என்பார்கள். அதில் பிடிப்பதே கிடையாது. ஒருவனைப் பற்றி இப்படிச் சொன்னால் அவனுக்குச் சுதந்திரம் கொடுத்ததாகப் பொருளில்லை, அவனைக் கைகழுவிவிட்டதாகப் பொருள். கன்னட நண்பர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். அவர்கள் 'கடிவாண' என்கிறார்கள். நம் கடிவாளத்துக்கு உடன்பிறப்பு. அவர்களுடைய நாளிதழ்களில் விலைவாசிக்குக் கடிவாண, லஞ்சத்துக்குக் கடிவாண என்று நாள்தோறும் தலைப்பு வரும். மாட்டுக்கு 'மூகுதார', நம் மூக்கணாங்கயிறு. தண்ணீர் விஷயத்தில் எப்படி இருந்தாலும் கயிறு விஷயத்தில் நமக்குள் வித்தியாசமே இல்லை.

இப்போது என் கதை.

இரயில் தண்டவாளம் அசையாமல் கிடக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். 13 மீட்டர் தண்டவாளம் 30 டிகிரி சூடு ஏறினால் நாலரை மில்லிமீட்டர் நீளும். அதற்காகத்தான் பழைய பாதைகளில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி விட்டிருந்தார்கள். 'தடக் தடக்' என்று கேட்டதே, அது அந்த இடைவெளியின் ஓசை. சக்கரத்துக்கும் கொஞ்சம் இடம் வேண்டும். அகலப்பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர். புதுச் சக்கரங்கள் அதில் உட்காரும்போது மொத்தம் 19 மில்லிமீட்டர் இடம் மிஞ்சும். இதை 'ப்ளே' என்போம். விளையாட்டு! 19 மில்லிமீட்டர் விளையாட்டு இல்லாவிட்டால் சக்கரம் இறுகிப்போகும். அது அளவு மீறிக் கூடினால் வண்டி ஆடும், பிறகு இறங்கும்.

பிற்பாடு தண்டவாளங்களைப் பற்றவைத்து ஒரே நீளமாக ஆக்கினார்கள். இப்படிச் செய்த பாதையில் இரண்டு முனைகளில் சுமார் நூறு மீட்டர் மட்டும் நீளும், சுருங்கும். நடுப்பகுதி நகரவே நகராது. நகராது என்றால் சும்மா இருக்கிறது என்று அர்த்தமில்லை. 30 டிகிரி வெப்பம் கூடினால் ஒரு தண்டவாளத்துக்குள் ஏறக்குறைய 50 டன் அழுத்தம் அடைந்து கிடக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது ஸ்லீப்பர்களைச் சுற்றியிருக்கிற ஜல்லி. வெறும் கருங்கல் ஜல்லி.

1987 கோடையில் என் பகுதியில் ஜல்லி சலிக்கும் வேலை. அடியில் சேர்ந்த மண்ணைப் பிரிக்க ஜல்லியை வெளியே எடுத்துச் சலித்துத் திரும்பப் போட வேண்டும். ஒரே நேரத்தில் சில ஸ்லீப்பர்களுக்கு மேல் திறக்கக் கூடாது, உச்சி வெயிலில் திறக்கவே கூடாது, ஆய்வாளர் கூடவே நிற்க வேண்டும். இதெல்லாம் விதி. ஒப்பந்தக்காரர் அனுபவசாலி, என்னைவிட இருபது வயது மூத்தவர். எனக்கு அன்று வேறொரு இடத்தில் ஆய்வு. "நீங்க போய்ட்டு வாங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றார். போய்விட்டேன். அவர் ஆட்களுக்குக் கூலி மிச்சமாகும் என்று காலையிலேயே நீளமாகத் திறந்து போட்டுவிட்டார். பகல் ஒன்றரை மணிக்குப் பாதை பாம்பு மாதிரி வளைந்தது.

கீமேன் ஒருவர் பார்த்துவிட்டார். சிவப்புக் கொடியும் டெட்டனேட்டர்களும் எடுத்துக்கொண்டு, அந்த வெயிலில் சரளை மீது 1200 மீட்டர் ஓடி, வந்துகொண்டிருந்த சரக்கு வண்டியை நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த மனிதர் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

விளக்கம் கேட்டார்கள். நான் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். அதில், ஒப்பந்தக்காரருக்கு ஃப்ரீ ரெயின் கொடுக்கப்பட்டிருந்தது என்று ஒரு வரி. 'ஜி' சேர்த்துத்தான் எழுதினேன். எங்கள் மேலதிகாரி ஒரு ஆங்கிலோ-இந்தியர், பெங்களூர் கண்டோன்மென்ட்காரர். அந்தத் தாள் திரும்பி வந்தபோது 'ஜி'யைச் சிவப்பு மையால் வட்டமிட்டு ஓரத்தில் இரண்டு கேள்வி எழுதியிருந்தார். இவருக்கு யார் முடிசூட்டியது? கொடுக்கப்பட்டிருந்தது என்றால், கொடுத்தது யார்?

முதல் கேள்விக்கு அகராதியைப் பார்த்தேன். இரண்டாவது கேள்விக்கு அகராதி தேவைப்படவில்லை.

அன்று முதல் செய்தித்தாள்களில் இந்தச் சொற்றொடரையும் அதன் உறவுக்காரர்களையும் பார்த்தால் என் கண் அங்கேயே நிற்கும். தமிழில் நாம் ஒன்று எழுதுகிறோம். வன்முறை கட்டவிழ்த்து விடப்பட்டது. 1991 டிசம்பரில் காவிரி இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்ததை ஒட்டி இந்த ஊரில் நடந்ததைப் பற்றி எத்தனை முறை இப்படிப் படித்திருப்போம். அந்த மூன்று நாட்கள் என் மனைவியையும் குழந்தைகளையும் எதிர் வீட்டுக் கன்னடக் குடும்பம்தான் தங்கள் வீட்டில் வைத்திருந்தது. அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நான் கேட்பது வேறு. கட்டவிழ்த்து விடப்பட்டது என்றால், கட்டு யார் கையில் இருந்தது? யார் அவிழ்த்தார்கள்? 'பட்டது' என்று முடித்துவிட்டால் கேள்வி தானாகவே அடங்கிவிடுகிறது.

இதைவிட எனக்கு அச்சம் தருவது, காவல்துறைக்கு முழு சுதந்திரம் என்ற தலைப்பு. ஆங்கிலத்தில் ஃப்ரீ ஹேண்ட் என்பார்கள், சில சமயம் நம் 'ஜி' போட்ட ரெயின். ஒவ்வொரு பெரிய குற்றத்துக்குப் பிறகும் இந்தத் தலைப்பு வரும், நாமும் காப்பியை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டுவோம். நானும் தலையாட்டியவன்தான். வீரப்பன் காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 1991 நவம்பரில் சீனிவாஸ் என்ற நல்ல வன அதிகாரியைக் கொன்றான். 1993 ஏப்ரலில் பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர். அப்போது அதிரடிப்படைகளின் கையைக் கட்டாதீர்கள் என்று கேட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கை கட்டப்பட்ட காவலர் யாரையும் காப்பாற்ற முடியாது. குதிரை சேற்றில் நிற்கும்போது வாரைத் தளர்த்தத்தான் வேண்டும்.

ஆனால் நுனி யார் மணிக்கட்டில் இருந்தது? மலைக் கிராமத்து மக்களின் புகார்களை விசாரிக்க தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழுவின் முன் சாட்சி சொன்ன ஏழைகள், மாதேஸ்வரன் மலையில் தங்களை அடித்துத் துன்புறுத்திய இடத்தை 'ஒர்க்ஷாப்' என்று குறிப்பிட்டார்கள். ஆயுள் முழுக்க ஒர்க்ஷாப்களோடு பழகியவன் நான். அந்தச் சொல்லைப் பத்திரிகையில் அந்தப் பொருளில் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எல்லாக் குற்றச்சாட்டும் மெய்ப்பிக்கப்பட்டதாகக் குழு சொல்லவில்லை. இருந்தாலும் 2007 ஜனவரியில் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையம் சொன்னது.

இது நடந்தது காட்டுக்குள், துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே என்றாவது சொல்லலாம். வாச்சாத்தியில் எந்தத் துப்பாக்கிச் சண்டை நடந்தது? மொரப்பூரில் இரயிலை விட்டு இறங்கி அரூர் போய், அங்கிருந்து சித்தேரி மலையடிவாரத்துக்குப் போக வேண்டும். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அந்த ஊருக்குள் நுழைந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஊரே சூறையாடப்பட்டது. (பாருங்கள், நானும் 'பட்டது' என்று எழுதிவிட்டேன். சூறையாடினார்கள்.) குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன 2011 செப்டம்பர் 29-க்குள் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. மேல்முறையீட்டைச் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2023 செப்டம்பர் 29-இல். முப்பத்தொரு வருடம். கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், அந்த முப்பத்தொரு வருடத்துக்குள் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

அந்த 269 பேரும் பிறவிக் கொடியவர்கள் என்று நான் நம்பவில்லை. காலையில் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிய அரசு ஊழியர்கள்தாம். நம்மைப் போலப் பென்ஷன் கணக்குப் போட்டவர்கள். அழுத்தம் உள்ளே கிடந்தது. சுற்றியிருந்த ஜல்லியை யாரோ வாரிவிட்டார்கள். வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சரி, குடியிருப்புக்கு வருகிறேன். பொதுக்குழுவில் எழுந்து நின்றேன். சுற்றறிக்கையில் ஒரு எழுத்துப் பிழை என்று ஆரம்பித்ததும் சிரிப்பு. "அங்கிள், பொருள் புரிந்தால் போதாதா? மொழி மாறிக்கொண்டே இருக்கும்" என்றார் ஒரு பெண்மணி, கல்லூரியில் கற்பிப்பவர். மொழி மாறட்டும் அம்மா, எனக்கு ஆட்சேபமில்லை என்றேன். பையைச் சோதிப்பவர் யார், பெண்களைப் பெண் காவலர்தான் சோதிப்பாரா, எங்கே வைத்து, எதைக் கேட்கலாம், அத்துமீறினால் யாரிடம் புகார், அந்தப் புகாருக்கு எத்தனை நாளில் பதில், இதையெல்லாம் எழுதி வைத்துவிட்டு அதற்குப் பிறகு என்ன சொல்லை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். திருட்டுப் போனது உங்கள் வீட்டில் இல்லையே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. போகவில்லை. ஆனால் சோதனைக்கு நிற்பவர்கள் பட்டியலில் இருபது ஃபிளாட்காரர்களின் ஓட்டுநர்களும் விருந்தாளிகளும் ஏன் இல்லை என்று திருப்பிக் கேட்டேன். செயலாளர் நல்ல மனிதர், "பரிசீலிப்போம் சார்" என்று முடித்து வைத்தார். அடுத்த பொருள், தண்ணீர் லாரிக் கட்டணம். அதற்கு இரண்டு மணி நேரம் விவாதம் நடந்தது.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாள் அரூர் தாலுகாக்காரர். இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மறுநாள் அவரிடம், "வாசலில் பையைப் பார்க்கிறார்களாமே, தொந்தரவு ஏதும் உண்டா?" என்று கேட்டேன். "பையத் தலகீழா கொட்டச் சொல்றாங்க ஐயா. டிபன் டப்பாவத் தொறக்கச் சொல்றாங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எங்க ஊர்ப் பக்கம் பாக்காததா" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

போன வாரம் பலகையில் திருத்திய சுற்றறிக்கை ஒட்டினார்கள். போய்ப் பார்த்தேன். என் பேச்சுக்குப் பலன் இருந்தது. 'ஜி'யை எடுத்துவிட்டார்கள். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. அந்த அம்மாள் அப்போது மின்தூக்கியிலிருந்து வெளியே வந்தார். "புதுசா ஏதோ ஒட்டியிருக்காங்களே, நம்ம விஷயமா ஐயா? என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"ஒரு எழுத்தைத் திருத்தியிருக்கிறார்கள் அம்மா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.